செங்கோட்டை நெல்லைக்கு வந்த கதை: ஒரு சின்னக் கட்சியின் பன்னிரண்டு வருஷம்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஊருக்குள் நுழையுமுன் ஒரு பழைய தோரணவாயிலைத் தாண்டுவார்கள். அதில் இருப்பது திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை. 1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், கொல்லம் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று அது சென்னை மாநிலத்துக்கு மாறி, திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது.

இதை யார் செய்தது என்று நம்ம பக்கம் கேட்டால் காமராஜர் என்பார்கள், ம.பொ.சி. என்பார்கள். இல்லையென்றால் மொழிவாரியாகப் பிரித்தபோது தானாக வந்தது என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கோரிக்கையை மட்டுமே பிழைப்பாக வைத்து, சட்டமன்றத்தில் உட்கார்ந்து, ஜெயிலுக்குப் போய், ஆட்சிகளை ஆட்டிப் பார்த்த ஒரு கட்சி இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர், சுருக்கமாக தி.த.நா.கா. 1945 கடைசியில் பிறந்து 1957இல் கலைந்தது. நாகர்கோவில் பக்கம் அதன் தலைவர் நேசமணிக்கு மணிமண்டபமே இருக்கிறது. நெல்லைச் சீமையில் அந்தக் கட்சியின் பெயரைச் சொன்னால் பாதிப்பேர் 'அது எந்தக் காங்கிரஸ்?' என்று கேட்பார்கள்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அந்தக் கட்சி தாலுகா தாலுகாவாகக் கேட்டது. தாலுகா கணக்கில்தான் ஜெயித்தது, தோற்றதும் அதே கணக்கில்தான். செங்கோட்டையை எடுத்துப் பார்த்தால் இந்த ரெண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும்.

தீவாகக் கிடந்த தாலுகா

பழைய செங்கோட்டைத் தாலுகாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, இந்தப் பக்கம் புளியரை, செங்கோட்டை, இன்னும் கிழக்கே ஆய்க்குடி, சாம்பவர்வடகரை. நெல்லை ஜில்லாக் கிராமங்களுக்கு நடுவே திருவிதாங்கூர் ஊர்கள் திட்டுத்திட்டாகக் கிடந்தன. ஆய்க்குடிக்காரர் தென்காசிச் சந்தைக்குப் போகும்போது ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குப் போகிறார் என்பது அவர் நினைத்துக்கொண்டால்தான் உண்டு. பஞ்சாங்கத்தில்கூட வித்தியாசம் கிடையாது. கொல்லம் ஆண்டு நெல்லையிலும் நடப்பில் இருந்ததுதான்.

காரியம் என்று வந்தால்தான் எல்லை தெரியும். தாலுகா ஆபீஸ் செங்கோட்டையில் இருந்தது. அதற்கு மேலே போக வேண்டுமென்றால் மலை ஏறி இறங்கிக் கொல்லம். அதற்கும் மேலே திருவனந்தபுரம். சர்க்கார் மொழி மலையாளம். 1904இல் கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்த பிறகு பயணம் லேசாயிற்று. குகைகளும் பதின்மூன்று கண் பாலமும் உள்ள பாதை அது. ஆனால் பயணம் லேசானால் ஆபீஸ் வேலை லேசாகிவிடுமா?

வாஞ்சிநாதன் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிறந்தது செங்கோட்டையில். வேலை பார்த்தது புனலூர்ப் பக்கம், திருவிதாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ரயில் நிலையத்தில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த திருநெல்வேலி ஜில்லாவில். சமஸ்தானத்துப் பிரஜை ஒருவர் பிரிட்டிஷ் ஜில்லாவின் அரசியலுக்காக உயிரைக் கொடுத்தார் என்பது அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. செங்கோட்டையின் மனசு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் கட்சி பிறந்தது செங்கோட்டையில் இல்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

நாகர்கோவிலில் பிறந்த கட்சி

1945 டிசம்பர் 16 அன்று நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முன்னின்று அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸைத் தொடங்கினார். மறு ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. பெயரிலேயே கோரிக்கை இருந்தது: திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும்.

ஏன் அந்தச் சமயத்தில்? பொதுவாகச் சொல்லப்படுகிற காரணம் தமிழருக்கு வேலையில்லை, பள்ளியில் தமிழ் இல்லை என்பது. அது சரிதான், ஆனால் அது நூறு வருஷத்துக் குறை. 1940களின் நடுவில் புதிதாக வந்தது ஐக்கிய கேரளக் கோரிக்கை. மலபார், கொச்சி, திருவிதாங்கூர் மூன்றையும் சேர்த்து ஒரே கேரளம் வேண்டும் என்று 1947 ஏப்ரலில் திருச்சூரில் மாநாடே கூடியது. திருவிதாங்கூரில் மட்டும் என்றால் தமிழர் ஒரு கணிசமான கூட்டம். மூன்றும் சேர்ந்தால் அவர்கள் கடலில் கரைத்த பெருங்காயம். பயம் அங்கேதான் பிடித்தது.

இன்னொரு பக்கம் சமஸ்தானத்துத் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலையில் அவர்மேல் வெட்டு விழுந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தக் களேபரம் அடங்கிய செப்டம்பரில், நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், வக்கீல் ஏ. நேசமணி கட்சியோடு கை கோத்தார். கட்சிக்கு எலும்பு வந்தது அன்றைக்குத்தான்.

நேசமணியைப் பற்றிக் குமரிக்காரர்கள் இன்றும் சொல்கிற ஒரு கதை உண்டு. நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி; தண்ணீர்ப் பானையும் வேறு வேறு. புதிதாக வந்த நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிப் பானையை உடைத்தார் என்பார்கள். வாய்வழிக் கதைக்கு உரிய மெருகு அதில் கூடியிருக்கலாம். ஆனால் கட்சியின் பலம் எங்கிருந்து வந்தது என்பதை அது சரியாகவே காட்டுகிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் மொழிக் குறையும் சாதிக் குறையும் ஒரே ஆளின்மேல் விழுந்தன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டக் காலத்திலிருந்து வந்த சூடு அது. தமிழ்நாட்டோடு சேர்வது என்பது அங்கே வெறும் எல்லைப் பிரச்சினையாக இல்லை. யாரிடம் கைகட்டி நிற்கிறோம் என்கிற பிரச்சினையாக இருந்தது.

செங்கோட்டையில் அந்தச் சூடு இல்லை. அங்கே தமிழ் பேசும் நிலக்காரர்கள், தமிழ் பேசும் விவசாயிகள், சுற்றிலும் தமிழ். மலையாள அதிகாரம் ஒரு தாலுகா ஆபீஸ் அளவில்தான் கண்ணில் பட்டது. ஆகவே தெற்கே எரிந்த நெருப்பு வடக்கே வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. என் கணிப்பில், செங்கோட்டை அந்தக் கட்சியின் கோரிக்கைப் பட்டியலில் இருந்த அளவுக்கு அதன் போராட்டக் களத்தில் இருக்கவில்லை.

எட்டுப் பேர், பன்னிரண்டு பேர்

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்ற முறையில் முதல் தேர்தல் நடந்தது. தேர்தல் சூட்டில் மங்காட்டில் போலீஸ் சுட்டதில் தேவசகாயம், செல்லையா என்ற இருவர் இறந்தார்கள். அந்தத் தேர்தலில் தி.த.நா.கா. 14 இடங்களில் வென்றது. 120 பேர் இருந்த சபையில் 14 பேரால் தீர்மானம் கொண்டுவரலாம், வெளிநடப்பு செய்யலாம், அவ்வளவுதான். காங்கிரஸுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. கட்சி பயந்தது அப்படியே நடந்தது. வினோதம் என்னவென்றால் அதற்குப் பிறகுதான் கட்சியின் கை ஓங்கியது.

1952 தேர்தலில் 108 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 44. தி.த.நா.கா.வுக்கு 8. நாடாளுமன்றத்துக்கு நாகர்கோவிலிலிருந்து நேசமணி போனார்; மாநிலங்களவைக்கு அப்துல் ரசாக். ஏ.ஜே. ஜான் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தபோது அதற்கு முட்டுக்கொடுத்தது இந்த எட்டுப் பேரும்தான். 1953 செப்டம்பரில் ஆதரவை உருவினார்கள், ஆட்சி விழுந்தது.

1954இல் மறுபடி தேர்தல். இந்த முறை 117 இடம், காங்கிரஸுக்கு 45, தி.த.நா.கா.வுக்கு 12. வெறும் 19 பேரை வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க, முதலமைச்சர் ஆனார். அவர் பத்து மாதம் சொச்சம் இருந்தார். 1955 பிப்ரவரியில் காங்கிரஸும் தி.த.நா.கா.வும் சேர்ந்துகொள்ள, அவர் இறங்க, பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஏறினார். அந்த ஆட்சியும் 1956 மார்ச்சில் கவிழ்ந்தது. தமிழ்த் தாலுகாக்களை விட்டுக்கொடுப்பதைப் பொறுக்காமல் ஆறு காங்கிரஸ் உறுப்பினர்கள் விலகியதுதான் காரணம்.

அடுத்தடுத்து மூன்று ஆட்சிகள் விழுந்ததில் இந்தக் கட்சியோ இதன் கோரிக்கையோ இல்லாமல் ஒன்றும் விழவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஆட்சியைக் கவிழ்த்ததால் ஒரு தாலுகாகூட வரவில்லை. மாநில எல்லையை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. திருவனந்தபுரம் சட்டமன்றம் தன் கருத்தைத்தான் சொல்ல முடியும். சட்டமன்ற பலம் வேறு விதத்தில் பயன்பட்டது. தேர்தல்தோறும் அந்தத் தாலுகாக்களில் ஜெயித்துக் காட்டியது டெல்லிக்கு அனுப்பிய மனுவுக்கு மக்கள் போட்ட கையெழுத்தாக நின்றது.

1954: மூணாறில் தொடங்கி நாக்பூர் வரை

கட்சியின் பட்டியலில் இருந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு முதலியவை. இவற்றில் தேவிகுளமும் பீர்மேடும் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள். அங்கே உழைத்த கூலிகளில் பெரும்பகுதி மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போனவர்கள். அவர்களிடம் கட்சிக்கு நல்ல செல்வாக்கு இருந்தது.

1954 ஜூலையில் மூணாறில் தடையுத்தரவை மீறி நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதன் நாடாரும் கைதானார்கள். அந்தக் கைதுக்குப் பதிலாகத் தெற்கே கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம், மறியல். தொடுவட்டி எனப்படும் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பல உயிர்கள் போயின.

துப்பாக்கிச் சூடு நடத்தியது ஒரு சோஷலிஸ்ட் ஆட்சி. அப்போது அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. சுதந்திர நாட்டில் மக்களைச் சுட்ட ஆட்சி, அது தன் கட்சி ஆட்சியானாலும், பதவி விலக வேண்டும் என்றார். முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. நவம்பரில் நாக்பூரில் கூடிய கட்சி மாநாடு லோகியா பக்கம் நிற்கவில்லை. அந்த விரிசல் பெரிதாகித்தான் அடுத்த ஆண்டு லோகியா தனிக் கட்சி கண்டார். மார்த்தாண்டம் கடைத்தெருவில் வெடித்த குண்டு இந்திய சோஷலிஸ்ட் இயக்கத்தையே இரண்டாகப் பிளந்தது என்பதை வடநாட்டு அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஊரில் யார் சுடப்பட்டார்கள், எதற்காக ஊர்வலம் போனார்கள் என்பது அந்த ஒரு வரியில் வராது.

இந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் என்ன நடந்தது? இங்கே அந்தக் கட்சி இல்லை, இருக்கத் தேவையுமில்லை. 'வடவேங்கடம் முதல் தென்குமரி வரை' என்று முழங்கிய ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் தெற்கெல்லைக்காகத் தமிழ்நாடெங்கும் மேடை போட்டது. தி.த.நா.கா.வின் பி.எஸ். மணிக்கும் கழகத்துக்கும் நல்ல உறவு. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் நிலை தர்மசங்கடம். அந்தப் பக்கமும் காங்கிரஸ், இந்தப் பக்கமும் காங்கிரஸ். 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆகியிருந்த காமராஜர் கொடி பிடித்துக்கொண்டு மூணாறுக்கா போக முடியும்? அவர் அமைதி காத்ததைத் துரோகம் என்றவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாநில முதலமைச்சர் பக்கத்து மாநிலத்துத் தாலுகாவுக்காகக் கிளர்ச்சி செய்தால் அதன் பெயர் வேறு.

ஆணையத்தின் அளவுகோல்

1953 டிசம்பரில் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவர். 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு.

ஆணையத்தின் முன் கேரளத் தரப்பு வைத்த வாதங்களில் பலமானது வயிறு சம்பந்தப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம். கேரளமோ அரிசிப் பற்றாக்குறை மாநிலம். அதை எடுத்துவிட்டால் சோற்றுக்கு எங்கே போவது? ஆணையம் அதைக் கேட்டுக்கொண்டது, ஆனால் நான்கு தாலுகாக்களிலும் தமிழர் பெரும்பான்மை தெளிவாக இருந்ததால் ஒத்துக்கொள்ளவில்லை.

தேவிகுளத்தில் மட்டும் அதே மொழிக் கணக்கு செல்லுபடியாகவில்லை. அங்கேயும் தமிழ் பேசுவோர்தான் பெரும்பான்மை. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலைத்த குடிகள் இல்லை என்றும், கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அந்த மலைகள் தேவை என்றும் ஆணையம் கருதியது. நாஞ்சில் நெல்லுக்கு எடுபடாத பொருளாதார வாதம் மூணாறுத் தேயிலைக்கு எடுபட்டது. ஓட்டுப் போடும்போது குடிமக்களாக இருந்தவர்கள் எல்லை போடும்போது வந்தேறிகள் ஆனார்கள். இந்த இடத்தில் ஆணையத்தின் நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதன் விளைவை முல்லைப் பெரியாறு விவகாரத்தில் தேனி, மதுரைக்காரர்கள் இன்றைக்கும் அனுபவிக்கிறார்கள்; அணை இருப்பது பழைய பீர்மேடு தாலுகாவில்.

செங்கோட்டை ஏன் சண்டையில்லாமல் வந்தது

இப்போது நம்ம தாலுகாவுக்கு வருவோம். அதன் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமிழர். அதன் கிழக்குப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளே புதைந்து கிடந்தது. நான்கு தென் தாலுகாக்களைப் போல அரிசி வாதமும் இல்லை, தேவிகுளம் போலத் தேயிலை வாதமும் இல்லை. எதிர்த் தரப்பு தன் பலத்தையெல்லாம் மற்ற இடங்களில் வைத்துப் போராடியது. ஆகவே ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் செங்கோட்டை வந்து சேர்ந்தது.

இப்படிச் சொன்னால் கட்சிக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கோரிக்கைப் பட்டியலில் செங்கோட்டை இல்லாமல் போயிருந்தால் கேட்க ஆளில்லாத ஊர் என்று அது விடுபட்டிருக்கவும் கூடும். சமஸ்தானத் திட்டுகள் எத்தனையோ அப்படி வரைபடத்தில் கிடந்து அழுகியிருக்கின்றன. கட்சி செய்த உருப்படியான வேலை, தொடர்பில்லாத ஆறேழு தாலுகாக்களை ஒரே வழக்காகக் கட்டியது. அது வக்கீல் மூளை. தெற்கே சிந்திய ரத்தத்தின் கனம் வடக்கே உள்ள மனுவுக்கும் கிடைத்தது.

ஆனால் தாலுகா முழுசாக வரவில்லை. மலைக்கு மேற்கே இருந்த ஆரியங்காவுப் பகுதியைப் பிரித்துக் கேரளத்திலேயே வைத்துவிட்டார்கள். அது பத்தனாபுரம் தாலுகாவோடு சேர்ந்தது. செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறினால் கோட்டைவாசல். அங்கேதான் இன்றைய எல்லை. மழை பெய்தால் இந்தப் பக்கம் விழும் தண்ணீர் சிற்றாற்று வழியாகத் தாமிரபரணிக்கு வரும். அந்தப் பக்கம் விழுவது கழுதுருட்டி ஆறாகிக் கல்லடையாற்றுக்குப் போகும். மொழிக்காகப் போட்ட எல்லை கடைசியில் நீர்பிரி மேட்டின் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

தாலுகா என்ற அலகை விட்டு ஆணையம் கீழே இறங்காது என்ற நம்பிக்கையில்தான் கட்சி வழக்கை நடத்தியது. அப்படி இறங்கினால் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் மலையாளம் பேசும் ஓர ஊர்களையும் இழக்க நேரிடும். தாலுகாவாக நின்றால் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். தெற்கே கணக்கு சரியாக வந்தது. செங்கோட்டையில் மட்டும் தாலுகாவையே வெட்டினார்கள். அந்த வெட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கக் கட்சிக்கு அங்கே ஆள்பலம் இல்லை.

கோவில் காரியங்கள் இந்த வெட்டை இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சன்கோவில் இருப்பது கேரளத்தில். மார்கழித் திருவிழாவுக்கு ஐயனின் திருவாபரணப் பெட்டி புனலூர்க் கருவூலத்திலிருந்து கிளம்பும். அது ஆரியங்காவைக் கடந்து, கோட்டைவாசலில் இறங்கி, செங்கோட்டை, தென்காசி வழியாகச் சுற்றித்தான் அச்சன்கோவிலுக்குப் போய்ச் சேரும். தென்காசி காசி விசுவநாதர் கோவில் முன்னால் கூட்டம் கூடிக் கும்பிடும். துப்பாக்கி ஏந்திய கேரள போலீஸ் கூடவே வரும். தமிழ்நாட்டு போலீஸும் காவலுக்கு நிற்கும். ஆரியங்காவு ஐயப்பனுக்கோ மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டார். திருக்கல்யாணத்துக்குச் சீர் வரிசையோடு வந்துவிடுவார்கள். எல்லைக் கமிஷன் இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதும்?

காயாமொழியிலிருந்து வந்த இன்னொரு கட்சி

ஒப்பிட்டுப் பார்க்க நெல்லைச் சீமையிலேயே இன்னொரு தேசியவாதச் சிறுகட்சி உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் காயாமொழியில் 1905இல் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1958இல் தொடங்கிய நாம் தமிழர் இயக்கம். அவர் கேட்டது முழு இறைமையுள்ள தமிழ்நாடு. கையில் தினத்தந்தி இருந்தது. தி.த.நா.கா.வுக்குக் கனவிலும் கிடைக்காத பிரச்சார பலம் அது.

என்ன ஆயிற்று? 1963இல் பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்கவே முடியாதபடி பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 1967இல் ஆதித்தனார் தி.மு.க.வோடு சேர்ந்து, ஸ்ரீவைகுண்டத்தில் வென்று, சட்டமன்றத் தலைவர் ஆனார். இயக்கம் தி.மு.க.வில் கரைந்தது.

இரண்டு கட்சிகளும் பெரிய கட்சியில் கரைந்தவைதான். ஒன்று கேட்டதை வாங்கிவிட்டுக் கரைந்தது, மற்றது கேட்க வழியில்லாமல் கரைந்தது. ஆதித்தனாரின் கோரிக்கை பெரிது, நேசமணியின் கோரிக்கை சின்னது என்று இதை முடித்துவிடக் கூடாது. நேசமணி கேட்டதை இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவின்கீழே நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் கொடுக்க முடியும். அவர் ஒருபோதும் இந்தியாவை விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை. கட்சியின் பெயரிலிருந்த 'காங்கிரஸ்' என்ற சொல்லையும் கடைசிவரை எடுக்கவில்லை. தமிழ்த் தேசியம் பேசுகிற இன்றைய இளைஞர்கள் தெற்கெல்லைத் தியாகிகளை மேடையில் கொண்டாடும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கலைந்த பிறகு

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலிக்கு வந்தது. ஒன்றாக வழக்காடியவர்கள் தீர்ப்பு வந்ததும் இரண்டு மாவட்டமாகப் பிரிந்தார்கள். கட்சிக்கு இனி தேவிகுளம், பீர்மேடு மட்டுமே பாக்கி. அதற்காகக் கட்சியை நடத்தலாமா என்ற கேள்விக்கு நேசமணி நடைமுறைப் பதிலைத்தான் எடுத்தார்: 1957இல் காங்கிரஸில் இணைந்தார்கள். அவர் அந்த ஆண்டு கிள்ளியூரில் சட்டமன்ற உறுப்பினர். பிறகு 1962லும் 1967லும் நாகர்கோவில் எம்.பி. 1968 ஜூன் 1 அன்று காலமானார். அந்த இடத்துக்கு 1969இல் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நின்று ஜெயித்தார்.

கேரளத்திலும் கணக்கு மாறியது. தி.த.நா.கா. வென்று வந்த தென்பகுதி போய், இடதுசாரிகள் பலமாக இருந்த மலபார் உள்ளே வந்தது. 1957இல் 126 இடங்களில் 60ஐக் கம்யூனிஸ்ட் கட்சி பிடித்து, சுயேச்சைகள் துணையோடு ஆட்சி அமைத்தது. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு; எல்லை மாறியதும் அதில் ஒன்று.

செங்கோட்டைப் பக்கத்து ஓட்டு யாருக்குப் போயிற்று? 1957 சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் தென்காசித் தொகுதியில் வென்றவர் கே. சட்டநாதக் கரையாளர், சுயேச்சை. இணைப்பைத் தந்த கட்சி காங்கிரஸுக்குள் போனதால் அந்த நன்றி ஓட்டாகக் காங்கிரஸுக்கு வந்துவிடவில்லை. போராட்டம் தெற்கே ஒரு தலைமுறைக்குத் தலைவர்களைக் கொடுத்தது. இங்கே அதன் தடம் ஒரு தேர்தல்கூடத் தாங்கவில்லை.

2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது செங்கோட்டை மறுபடி மாவட்டம் மாறியது. இந்தத் தடவை யாரும் ஆணையத்துக்கு மனுப்போட வேண்டியிருக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு நாளை ஜூலை 18க்கு மாற்றினார்கள். நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளின் நாளாக நிற்கிறது. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் லாரிகள் அன்றைக்கும் வழக்கம்போலப் புளியரைச் சோதனைச் சாவடியில் வரிசை கட்டித்தான் நிற்கும்.